டீ எந்தக் கூடையில்?

தப்பாகப் பதில் சொல்வதற்கென்று ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று நீங்கள் எங்காவது கேள்விப்பட்டதுண்டா? என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். கல்கத்தாவில், பாலிகஞ்சில் ஓர் இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் அப்போது நான் இரண்டாம் வகுப்பு. வகுப்பில் நான் ஒருத்திதான் மதராஸி.

எங்கள் வகுப்புக்கு ஸ்மார்ட் போர்டு வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. விரலால் தொட்டு இழுத்தால் படம் கூடவே வரும். சரியான இடத்தில் வைத்தால் கைதட்டல் கேட்கும். தப்பான இடத்தில் வைத்தால் பெரிய சிவப்புப் பெருக்கல் குறியும், எருமை கத்துவதுபோல ஒரு சத்தமும் வரும். சரியாகச் செய்யும்வரை அடுத்த பக்கத்துக்கு நகரவும் நகராது. அவ்வளவு பிடிவாதம் அதற்கு.

அந்தப் போர்டு வருவதற்கு முன்பும் எங்கள் இங்கிலீஷ் மிஸ் வகுப்பில் யாரும் தூங்கியதில்லை. அந்த வருஷம்தான் சேர்ந்தவர், சின்ன வயது. தரையில் கட்டம் போட்டு, எழுத்துக்கு எழுத்து நொண்டியடிக்க வைத்து ஸ்பெல்லிங் சொல்லித்தருவார். போர்டு வந்ததும் பள்ளி விட்ட பிறகு தனியாக உட்கார்ந்து அதையும் கற்றுக்கொண்டார்.

பள்ளிக் கமிட்டி செக்ரட்டரி போர்டு வகுப்பைப் பார்க்க வரப்போகிறார், அம்மா அப்பாக்களும் வரலாம் என்று அறிவித்தார்கள். ஒரு வாரம் ஒத்திகை நடந்தது. திரையில் இரண்டு கூடைகள்: ஒன்று 'ஈட்', இன்னொன்று 'டிரிங்க்'. ஆளுக்கொரு படத்தை இழுத்துக் கூடையில் போட வேண்டும். எனக்கு வந்தது டீ கோப்பை. அதை நான் முதலில் 'ஈட்' கூடையில் போட வேண்டுமாம். எருமை கத்தும். வகுப்பே சேர்ந்து, "நோ, நோ, வீ டிரிங்க் டீ!" என்று பாடும். நான் நெற்றியில் தட்டிக்கொண்டு 'டிரிங்க்' கூடைக்கு மாற்ற வேண்டும். ஒரு குழந்தை தன் தப்பைத் தானே திருத்திக்கொள்வதை வருகிறவர்கள் பார்க்க வேண்டும், அதுதான் மிஸ்ஸின் திட்டம்.

வீட்டில் போய்ப் பெருமையாகச் சொன்னேன். எங்களோடு இருந்த சித்தப்பா அப்போதுதான் ஹவுராவிலிருந்து வேலை முடிந்து வந்திருந்தார். விழுந்து விழுந்து சிரித்தார். "அசட்டு வேஷத்துக்கு ஆள் தேடினாளாக்கும் உங்க மிஸ்? சரியான ஆளாத்தான் பிடிச்சிருக்கா!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓஹோ, மதராஸி என்றால் இளக்காரமா? இத்தனை வங்காளிப் பிள்ளைகளை விட்டுவிட்டு என் தலையில் கட்டியது அதற்குத்தானா? அழுகையை அடக்கிக்கொண்டு நின்றேன். அந்த நேரம் பார்த்து அம்மா சமையலறையிலிருந்து சித்தப்பாவைக் கூப்பிட்டாள்: "காப்பி சாப்பிடறியா இல்லையா? ஆறிண்டிருக்கு!"

அட, நாங்கள் காப்பியைச் சாப்பிடுகிறவர்கள் அல்லவா! வங்காளிகளும் அப்படித்தான். சோறானாலும் தண்ணீரானாலும் சிகரெட்டானாலும் அவர்களுக்கு எல்லாம் சாப்பிடுவதுதான். அம்மா கல்யாணமாகி வந்த புதிதில், நாங்கள் காகிமா என்று கூப்பிடும் கீழ்வீட்டு வங்காளி மாமி தன் பிள்ளையைப் பார்த்து, "சா காபி?" என்று கேட்டாளாம். டீ சாப்பிடுகிறாயா என்று அர்த்தம். டீயா காப்பியா என்று தன்னைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, அம்மா, "காப்பி" என்று பதில் சொன்னாளாம். இப்படி மேலேயும் கீழேயும் சாப்பிடுகிற ஒன்றை, சாப்பிடுவது தப்பு என்று சொல்ல அந்த எருமை யார்?

அந்த நாளும் வந்தது. அம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். செக்ரட்டரி முன்னால் நாற்காலியில். பள்ளிக்குள் இங்கிலீஷ் தவிர வேறு பேச்சு கூடாது என்று சட்டம் போட்டவரே அவர்தான். மிஸ்ஸின் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை என்பதும், வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று முடிவு செய்யத்தான் அவர் வந்திருந்தார் என்பதும் எனக்குத் தெரியாது. பெரியவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

என் முறை வந்தது. டீயை 'ஈட்' கூடையில் போட்டேன். எருமை கத்தியது. பிள்ளைகள் பாடினார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

மிஸ் குனிந்து, "இப்ப மாத்திடு, ஷோனா" என்று வங்காளத்தில் காதோடு சொன்னார். ஷோனா என்றால் தங்கம்.

"நோ மிஸ். வீ ஈட் டீ."

செக்ரட்டரிக்கு அப்போதுதான் பியூன் டீ கொண்டுவந்து கொடுத்திருந்தார். கோப்பை அவர் உதட்டருகே போயிருந்தது. நான் நேராக அவரிடம் போய், "ஆப்னி கீ கோர்ச்சேன்?" என்று கேட்டேன். நீங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான் கேள்வி.

பாவம், சின்னக் குழந்தை கேட்கிறதே என்று அவர் கனிவாக, "சா காச்சி, மா" என்றார். டீ சாப்பிடுகிறேன் அம்மா.

அவ்வளவுதான்! நாற்பது பிள்ளைகளும் மேஜையைத் தட்டி, "காச்சேன்! காச்சேன்!", சாப்பிடுகிறார் சாப்பிடுகிறார் என்று கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்தினார்கள். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். மிஸ் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார், ஆனால் தோள் குலுங்கியதை எல்லோரும் பார்த்தோம். செக்ரட்டரி காதெல்லாம் சிவந்து கோப்பையைக் கீழே வைத்தார். "நெக்ஸ்ட் பேஜ், ப்ளீஸ்" என்றார்.

போர்டு நகரவில்லை. நானும் நகரவில்லை. மிஸ் தானே விரலை வைத்து அந்தக் கோப்பையை இழுத்துவிட்டிருக்கலாம். போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சுவிட்சை அணைத்துவிட்டு சாக்பீஸை எடுத்தார். யார் வீட்டில் டீ சாப்பிடுகிறார்கள், யார் வீட்டில் குடிக்கிறார்கள் என்று கேட்டார். கைகள் பறந்தன. ஹிந்தி பேசும் பெண் ஒருத்தி, எங்கள் வீட்டில் குடிப்போம் என்று எழுந்து சண்டைக்கு நின்றாள். ஒருவன், "வீட்டில் திட்டுகூடச் சாப்பிடுவோம் மிஸ்!" என்றான். மிஸ் என்னை 'சாப்பிடு' என்று மூன்று தரம் சொல்லவைத்து, அதை வங்காள எழுத்தில் கரும்பலகையில் எழுதினார். கடைசியில், "இங்கிலீஷ்காரங்க வீட்டுக்குப் போனா மட்டும் குடிச்சிட்டு வாங்க" என்றார். அதற்கப்புறம் எங்கள் வகுப்பில் ஒருவர்கூட அந்த இரண்டு வார்த்தைகளையும் மாற்றிச் சொன்னதில்லை. செக்ரட்டரி அதற்குள் எழுந்து போய்விட்டிருந்தார்.

இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன், நான் செய்தது சரிதான். இங்கிலீஷில் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தப்புக்காரி வேஷம் போட நான் தயாராக இல்லை. அன்று வீடு திரும்பும்போது ஏதோ யுத்தத்தில் ஜெயித்தவள்போல நடந்தேன். அம்மா பள்ளிக் கேட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

துர்கா பூஜை லீவு விடுவதற்குள் கமிட்டி முடிவு செய்துவிட்டது: லீவுக்குப் பிறகு மிஸ் வர வேண்டாம். கேட்டருகே நிற்கும் அம்மாக்கள் எல்லோருக்கும் அது தெரியும். என்னிடம் ஒருவரும் சொல்லவில்லை.

கடைசி நாள் மணி அடித்ததும் மிஸ் என்னை நிறுத்தி, பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"தப்பு சொல்ல ஏன் மிஸ் என்னைப் பிடிச்சீங்க?"

"மத்தவங்க எல்லாம் அழுதிருப்பாங்க. நீ நிமிர்ந்து நிப்பேன்னு தெரியும்" என்றார்.

சமாளிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். இருந்தாலும் கோபம் போய்விட்டது. லீவு முடிந்ததும் என்ன விளையாட்டு என்று கேட்டேன். அவர் என் தலைமுடியை ஒதுக்கிவிட்டார்.

"இந்தத் தடவை நீயே யோசிச்சு வை" என்றார்.

ஊரெல்லாம் பந்தல் பந்தலாகச் சுற்றிக்கொண்டிருந்தபோது நான் வீட்டில் குப்புறப் படுத்து யோசித்தேன். மொத்தம் ஏழு விளையாட்டுகள். லீவு முடிந்து மிஸ் வந்ததும் காட்டுவதற்காக, ஒவ்வொன்றுக்கும் நோட்டில் படம் போட்டு, கலர் அடித்து வைத்திருந்தேன்.