எட்டு வேலைகளும் விடுபட்ட ஒரு வரியும்

ஒவ்வொன்றாகச் செய்தால் சரியாக வரும் வேலை, பலவற்றை ஒரே நேரத்தில் செய்யும்போது கெட்டுப்போனால், குற்றம் வேகத்தினுடையதா, முன்பே உள்ளே இருந்த ஒன்றினுடையதா? கணினி வேலை பார்த்த ஒருவருடைய வாழ்க்கை எழுப்பிய கேள்வி இது. பதில் தனக்குத் தெரியும் என்றுதான் அவர் வெகுகாலம் நினைத்திருந்தார்.

பயணச்சீட்டு இயந்திரங்கள் செய்யும் நிறுவனம். அவற்றுக்குள் ஓடும் இயங்குதளத்தைக் கம்பைல் செய்வது, அதாவது எழுதிய ஆயிரக்கணக்கான கோப்புகளை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தொகுப்பது, அவர் பொறுப்பு. ஒரு கோப்பு முடிந்த பிறகே அடுத்தது. காலையில் தொடங்கினால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் முடியும். அலுவலகத்தில் அவருக்கு ‘நிதானம்’ என்று பெயர். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். எல்லோரும் பாராட்டாகச் சொல்லவில்லை.

புதிதாக வந்த பெண், வேலை இன்னும் நிரந்தரமாகாதவள், அதே தொகுப்பை எட்டு வேலைகளாகப் பிரித்து ஒரே நேரத்தில் ஓடவிட்டாள். அவர் காபி வாங்கி வருவதற்குள் முடிந்துவிட்டது. ஆனால் சில நாள் பாதியில் நின்றது.

கூட்டத்தில் மேலாளர் காரணம் கேட்டபோது நிதானம் முந்திக்கொண்டார். “என் கையில இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது நின்னிருக்கா? ஓடணும்னா மைதானம் இருக்கும்மா. இங்க உக்காந்துதான் வேலை பாக்கணும்.”

அறை சிரித்தது. அவள் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் மேலாளர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். மறுவாரம் அவளை மாடியிலிருந்த சோதனை அறைக்கு மாற்றினார்கள். வேலை நிரந்தரமாவது சந்தேகம் என்று பேச்சு.

அவள் முறை ஏன் தவறு என்று விளக்கச் சொன்னார் மேலாளர். அதற்காகத்தான் நிதானம் முதன்முறையாகப் பிழைச் செய்திகளைப் படித்தார். நின்றபோதெல்லாம் ஒரே கோப்பு இல்லாமல்தான் நின்றிருந்தது. கம்பைல் நடக்கும்போதே உருவாக வேண்டிய கோப்பு அது. ‘இது உருவான பிறகே அதைத் தொடு’ என்று ஒரு வரி இருந்திருக்க வேண்டும். எழுத வேண்டியவர் அவர். எழுதவில்லை. ஒவ்வொன்றாக ஓடியதால் அந்தக் கோப்பு தற்செயலாக முன்னால் வந்துகொண்டிருந்தது. திறமை என்று அவர் நம்பியிருந்தது வரிசையின் தயவு.

வரியைச் சேர்த்தார். எட்டு வேலைகளோடு திரும்பத் திரும்ப ஓட்டினார். ஒரு தடவையாவது நின்று தொலைக்காதா என்றிருந்தது. நிற்கவில்லை.

மாடி ஏறினார். ஜன்னல் இல்லாத அறையில் கேபிள் குவியலுக்கு நடுவே அவள் உட்கார்ந்திருந்தாள்.

“தப்பு என்னோடதும்மா. ஒரு வரி விட்டிருக்கேன்.”

“தெரியும் சார்.”

“எப்பத்திலேருந்து?”

“கூட்டத்துக்கு முன்னாடியே. தனியா சொல்லலாம்னு ரெண்டு தடவை உங்க இடத்துக்கு வந்தேன். திரும்பிக்கூடப் பாக்காம ‘அப்புறம் வா’ன்னீங்க.”

“கூட்டத்துல சொல்லியிருக்கலாமே.”

“எல்லாரும் சிரிச்சிட்டு இருந்தாங்க சார். நீங்களும்தான்.”

அவர் படியிறங்கினார்.

மேலாளரிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். “விடுங்க சார், யாருக்கும் நடக்கிறதுதான்” என்றார் மேலாளர். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அவளைக் கீழே அழைத்து, வேலையையும் நிரந்தரமாக்கினார்கள்.

அவள் இறங்கி வந்த அன்றே நிதானம் தன் கணினியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனார். ஓய்வு பெறும்வரை அந்தச் சோதனை அறையில்தான் வேலை பார்த்தார்.

“யாராவது அனுப்பினாங்களா?” என்று அன்று இரவு சாப்பிடும்போது மனைவி கேட்டாள்.

“இல்ல.”

“அப்புறம் எதுக்குங்க போனீங்க?”

அவர் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனார்.