ஏரிக்கரையில் உதறிய மடி

போன சித்திரையில், பிள்ளைகளின் பள்ளிக்கூட லீவுக்கு நான் அம்மா இருக்கும் ராசிங்காபுரம் வந்திருந்தபோது, சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா ஒரு போட்டோ போட்டார். லேமினேட் செய்த பழைய போட்டோவைக் கைப்பேசியில் எடுத்திருந்தார். டியூப்லைட்டின் வெளிச்சம் குறுக்கே ஒரு கோடாக விழுந்திருந்தது. ஏரியில் ஒரு படகு. படகில் ஆறு பேர், ஆறு பேருக்கும் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை. நடுவில் பெரியப்பா, பக்கத்தில் பெரியம்மா, முன்னால் அவர்களுடைய மூன்று பிள்ளைகள், ஓரத்தில் பதின்மூன்று வயது நான். எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தேன். போட்டோவுக்குக் கீழே, மறக்க முடியாத நாட்கள் என்றும், தனக்கு எழுபது முடியப்போகிறது, வைகாசியில் அதே ஊருக்கு அதே ஏரிக்கு எல்லோரும் போகிறோம் என்றும் எழுதியிருந்தார். கைகூப்பும் பொம்மைகள் மளமளவென்று வந்து விழுந்தன.

நான் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். படகுக்குப் பின்னால் கரையில், சிமென்ட் பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். முகம் தெரியவில்லை. நீலச் சேலை மட்டும் தெரிகிறது. இரண்டு கைகளையும் வயிற்றோடு சேர்த்துக் கட்டியிருக்கிறாள். அது என் அம்மா. அந்தக் குழுவில் யாரும் அவளைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

பெரியப்பா என்றால் அம்மாவின் அக்கா புருஷன். எனக்கு அவரைப் பிடிக்காது. இதை மூடி மறைத்துச் சொல்ல எனக்கு ஆசையில்லை. உறவு விட்டுப்போகக் கூடாது என்று கல்யாணம் காதுகுத்துகளில் அவரைப் பார்த்து வாங்க என்று சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வாய் கசந்துதான் சொல்லியிருக்கிறேன். அவர் ஊருக்கு உபகாரி, கோயிலுக்குக் கொடையாளி, எந்தப் பஞ்சாயத்துக்கும் முதல் நாற்காலி அவருக்குத்தான். இருக்கட்டும். நான் பார்த்த ஆள் வேறு.

அவர் அப்போது மலையில் ஏலக்காய் எஸ்டேட் ஒன்றில் கங்காணி. அம்மாவும் அதே எஸ்டேட்டில் காய் எடுக்கப் போய்க்கொண்டிருந்தாள். விடிவதற்கு முன் ஜீப்பு வந்துவிடும். ஒன்பது பேர் உட்காரும் ஜீப்பில் இருபது பெண்கள் தூக்குவாளியை மடியில் இடுக்கிக்கொண்டு போடிமெட்டு வளைவுகளில் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தபடி மேலே போவார்கள். ஏலச்செடியில் காய் தலைக்கு மேல் காய்ப்பதில்லை. செடியின் அடியில், மண்ணை ஒட்டிச் சரம் ஓடும், அதில் காய்க்கும். எனவே நாள் முழுக்கக் குனிந்தோ குந்தியோதான் சோலி. முற்றியதை மட்டும் எடுக்க வேண்டும், பிஞ்சில் கை படக் கூடாது. முற்றிய காயை விட்டுவிட்டு வந்தாலும் குற்றம். இரண்டு நாளில் அது மஞ்சளாகி வெடித்து எதற்கும் ஆகாமல் போய்விடும். செடியில் வெடிக்க விட்டவள் அன்றைய கூலியை மறந்துவிட வேண்டியதுதான் என்பது பெரியப்பாவின் சட்டம். அம்மாவின் விரல்களை அப்படிப் பழக்கியவர் அவர்தான்.

அவருடைய இன்னொரு சட்டம் சாயங்காலத்துக்கு உரியது. ஜீப்பில் ஏறுவதற்கு முன் பெண்கள் வரிசையில் நின்று தூக்குவாளியைத் திறந்து காட்ட வேண்டும். பிறகு இடுப்பில் செருகிய மடியை அவிழ்த்து, அவர் கண் முன்னால் உதற வேண்டும். திருடவில்லை என்பதற்கு அத்தாட்சி. "மடிய உதறு" என்று ஒவ்வொருத்தியிடமும் சொல்வார். கொழுந்தியாளிடமும் சொல்வார். ஆரம்பத்தில் அம்மா இதை அக்காவிடம் சொல்லி அழுதிருக்கிறாள். சோலின்னா சோலிதான், அதில் சொந்தம் என்ன கிடக்கிறது என்று பெரியம்மா சொல்லிவிட்டாளாம். அதற்குப் பிறகு அம்மா பதினோரு வருஷம் உதறினாள்.

பிறகு பெரியப்பா ஜீப்பு வாங்கினார், குத்தகைக்குக் காடு பிடித்தார், வெள்ளை வேட்டிக்கு மாறினார். அந்தக் கோடையில்தான், மாநில எல்லைக்கு அந்தப் பக்கம், ஏரியைச் சுற்றிப் பத்துக் கடைகளும் நாலு விடுதிகளுமாக இருக்கும் ஒரு சின்ன மலை ஊருக்கு, மூன்று நாள் சும்மா இருந்துவிட்டு வரலாம் என்று கிளம்பினார். எங்களையும் கூப்பிட்டார். தேவாரத்துப் பக்கம் யானை இறங்கியிருந்ததால் அப்பா தோட்டக் காவலை விட்டு வர முடியவில்லை. நானும் அம்மாவும் போனோம். அவர் எங்களைக் கூப்பிட்ட காரணம் போய்ச் சேர்ந்ததும் தெரிந்துவிட்டது. விடுதி அறையோடு ஒரு சமையலறையும் இருந்தது. அம்மா போய் இறங்கிய கையோடு அரிசி களைந்தாள்.

ஆனாலும் அந்த முதல் நாளை நான் பழிக்க மாட்டேன். வேனில் சன்னலோரம் உட்கார்ந்து வந்த அம்மா, கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றையும் எனக்குக் காட்டினாள். இத்தனை வருஷம் இருட்டிலேயே போய் வந்ததில் இந்தப் பள்ளத்தாக்கை ஒழுங்காகப் பார்த்ததே இல்லை என்றாள். ஏரியில் காலைப் பனி நீரைத் தொட்டுக்கொண்டு நகர்ந்தது. சுட்ட சோளத்தில் மிளகாய்ப் பொடியும் உப்பும் தடவித் தந்தார்கள். நான் ஆனந்தமாக இருந்தேன். அம்மா சமையலை முடித்துவிட்டு வெயிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். மலையில் அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்தது அது ஒரு முறைதான்.

இரண்டாம் நாள் காலை, படகுக்குப் போவதற்காக எல்லோரும் தலைசீவிக்கொண்டிருந்தார்கள். அம்மாவைத் தேடிக்கொண்டு வெளியே வந்தேன். விடுதி முகப்பில், வந்து போகிறவர்கள் பார்ப்பதற்காக ஏழெட்டு ஏலச்செடிகளை வைத்து வளர்த்திருந்தார்கள். தினமும் தண்ணீர் விட்டார்களே ஒழிய, காய் எடுக்க அங்கே யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. சீசன் கடந்தும் சரங்களில் காய் முற்றிக் கிடந்தது. கொஞ்சம் வெடித்து மண்ணில் சிந்தியிருந்தது. அம்மா செடிக்கடியில் குந்தியிருந்தாள். இடது கையில் சரத்தைத் தாங்கி வலது கையால் எடுத்துக்கொண்டே போனாள். பிஞ்சு ஒன்றில்கூடக் கை படவில்லை. கூடை இல்லாததால் மடியில் போட்டுக்கொண்டாள். எதற்கம்மா இது என்று கேட்டேன்.

"செடியிலேயே வெடிச்சு வீணாப் போகுதுத்தா. எடுத்து ஆபீசுல குடுத்துருவோம்."

அவ்வளவுதான். காய் என்றால் எடுக்க வேண்டும், எடுத்தால் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். அவள் கைக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். சுற்றுலாவுக்கு வந்த இடத்தில் கை வைக்கக் கூடாது என்பது வேறு யாருக்கும் உறைத்திருக்கும். காட்டில் வேலை பார்த்தவளுக்கு உறைக்கவில்லை. எழுந்து, மடியைப் பிடித்துக்கொண்டு, விடுதி அலுவலகத்தைப் பார்த்து நடந்தாள். நானும் பின்னாலேயே போனேன்.

அலுவலக வாசலில் பெரியப்பா விடுதி மேனேஜரோடு நின்றிருந்தார். தன்னை எஸ்டேட் முதலாளி என்று சொல்லிவைத்திருந்தார் போலிருக்கிறது. மேனேஜர் மரியாதையாகக் கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் வெளியூர்க் குடும்பம் ஒன்று டீ குடித்துக்கொண்டிருந்தது. அம்மாவின் மடி புடைத்திருப்பதைப் பெரியப்பா பார்த்தார். அவர் கண்ணுக்கு அது தப்பாது. என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஏத்தா, மடிய உதறு."

அம்மா வாய் திறக்கப்போனாள். அவர் இன்னொரு முறை சொன்னார், சத்தம் கூட்டாமல், சாயங்கால வரிசையில் சொல்கிற அதே குரலில். அந்தக் குரலுக்கு அவள் உடம்பு பழகியிருந்தது. அவிழ்த்து உதறினாள். பச்சைக் காய்கள் பளபளவென்ற தரையில் உருண்டு டீ குடித்தவர்களின் செருப்புகளுக்கிடையில் ஓடின. பரவாயில்லை சார் என்று மேனேஜர்தான் சங்கடப்பட்டார். பெரியப்பா சிரித்தார். நம்ம எஸ்டேட்டில் வேலை பார்த்த பழக்கம், கை சும்மா இருக்காது என்று விளக்கம் வேறு கொடுத்தார். தன் முதலாளி வேஷம் கலையாமல் இருக்க அவருக்கு அந்த நிமிஷத்தில் ஒரு கூலிக்காரி தேவைப்பட்டாள்.

அம்மா என்னை ஒரு தடவை பார்த்தாள். குடுக்கத்தான் எடுத்தாள் என்று எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும். சொல்லவில்லை. என் பக்கத்தில் பெரியப்பாவின் மகள் படகு டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். வாயைத் திறந்தால் எனக்கும் படகு இல்லாமல் போய்விடுமோ என்று பயந்தேன். ஒரு மணி நேரம் கழித்து எடுத்ததுதான் அந்தப் போட்டோ. தனக்கு வாந்தி வருகிறது என்று சொல்லி அம்மா படகில் ஏறவில்லை. நான் ஏறினேன். சிரித்தேன்.

அதைப் பற்றி அம்மா பிறகு எங்கேயும் பேசவில்லை. எஸ்டேட்டை விட்டு நின்று, வயல் சோலிக்குப் போனாள். இன்னொன்றும் நடந்தது, எனக்கே அது தெரிய வெகுகாலம் ஆயிற்று. எங்கள் வீட்டில் ஏலக்காய் இல்லாமல் போனது. போடிச் சந்தையில் கால் வைத்தால் ஏலக்காய் வாசம் மூக்கைத் துளைக்கும், அம்மா அந்தக் கடைகளைத் தாண்டிப் போய் சுக்கும் இஞ்சியும் வாங்கி வருவாள். பொங்கலுக்கும் பாயசத்துக்கும் கூடக் கிடையாது. அவள் எனக்குக் காரணம் சொன்னதில்லை. நான் கேட்கவும் இல்லை.

போட்டோ போட்ட மறுவாரம் பெரியப்பா நேரிலேயே அழைக்க வந்தார். பழமும் பூவும் வைத்து, எல்லோரும் வந்தால்தான் தனக்கு நிறைவு என்றார். எனக்கு இரக்கம் வரவில்லை. இருபது வருஷத்துக்கும் மேல் அடக்கி வைத்திருந்ததை அன்று கேட்டுவிட்டேன். அன்றைக்கு அம்மா அந்தக் காயை ஆபீசில் கொடுக்கத்தான் எடுத்துப் போனாள், உங்களுக்குத் தெரியுமா என்றேன். அவர் யோசித்தார். நினைவு வந்தது, அது முகத்தில் தெரிந்தது. "அது சும்மா ஒரு வெளாட்டுக்குச் சொன்னதுத்தா. அதையெல்லாமா மனசுல வச்சிருக்கீக?" என்றார். அந்த மனிதரைப் பிடித்து வெளியே தள்ள வேண்டும் போலிருந்தது.

அம்மா டீயோடு வந்தாள். பேச்சை மாற்றக் கிடைத்தது என்று அவர் அவசரமாக ஒரு வாய் குடித்துவிட்டு, கேலியாகத் தலையை ஆட்டினார். "என்னத்தா இது, போடிக்குப் பக்கத்துல இருந்துக்கிட்டு ஏலக்காய் போடாம ஒரு டீயா?"

அம்மா தட்டை இடுப்பில் அணைத்தபடி நின்றாள்.

"எங்கிட்ட ஏது மச்சான். அன்னைக்கே எல்லாத்தையும் உதறிட்டேன்ல."

கோபமே இல்லாமல், கேட்டதற்குப் பதில் என்கிற மாதிரிதான் சொன்னாள். பெரியப்பா டம்ளரைக் கீழே வைத்தார். பாதி டீ அதிலேயே இருந்தது. வெரசாப் போகணும், ஜீப்பு நிக்குது என்று எழுந்தார். வருகிறீர்களா என்று அதற்கு மேல் கேட்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தாலும் நான் கொடுத்திருக்க மாட்டேன்.

வைகாசியில் புதுப் போட்டோ வந்தது. இரண்டு படகுகள் நிறைய ஆட்கள், அதே ஆரஞ்சு சட்டைகள், நடுவில் பெரியப்பா. என் விரல் நேராகக் கரைக்குத்தான் போனது. சிமென்ட் பெஞ்சு இருந்தது, அதில் யாரும் இல்லை. கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவிடம் போனைக் கொடுத்தேன். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். ஒவ்வொரு முகமாக நகர்த்திப் பார்த்தாள். பிறகு கரையைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இதுல நம்ம ரெண்டு பேரும் இல்ல," என்றாள்.

இல்லை என்றேன்.

"போட்டோ நல்லாருக்கு," என்று சொல்லிவிட்டு, போனை என் கையில் திருப்பிக் கொடுத்தாள்.