ஓட்டுச்சீட்டில் மஞ்சள்

அறுபதுகளின் கடைசியில் ஜெர்மனியில், டார்ம்ஸ்டாட்டில் வேதியியல் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு வாய்த்த ஒரே சாப்பாட்டுத் தோழன் ஓர் அமெரிக்கச் சிப்பாய். கறுப்பின இளைஞன், என் வயதுதான். காய்கறிக் கடையில் பழக்கம். கடைக்காரம்மா மற்ற எல்லோருக்கும் எடை போட்டு முடித்த பிறகுதான் எங்கள் இருவர் பக்கம் திரும்புவாள். காத்து நின்ற நேரத்தில் சிநேகமாகிவிட்டோம். ஞாயிறு தவறாமல் அந்த ஊரிலிருந்த அமெரிக்கப் படை முகாமிலிருந்து என் அறைக்குச் சாப்பிட வந்துவிடுவான். காரம் தின்பதில் என்னையே மிஞ்சினான். பேசியது ஆங்கிலம்தான், ஆனால் அவன் பேச்சு எனக்குத் தமிழாகவே ஞாபகமிருக்கிறது.

அந்த வருஷம் அவன் நகரத்தில் மேயர் தேர்தல். முதல் தடவையாக அவர்கள் ஆள், கறுப்பர் ஒருவர் நின்றார். அவன் அம்மா தெற்கே பிறந்த சிற்றூரில் ஓட்டுக்குப் பதியப் போனபோது, சட்டப் புத்தகத்தை நீட்டி விளக்கம் சொல் என்று பரீட்சை வைத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். பிழைப்புத் தேடி வடக்கே வந்தாள். குப்பை வண்டிகூட எட்டிப் பார்க்காத பேட்டையில் வாசம். இப்போது வேலை முடிந்ததும் மாடி மாடியாக ஏறி, அக்கம்பக்கத்தாரைப் பதிய வைத்துக்கொண்டிருந்தாள். மகனின் தபால் ஓட்டும் அவள் ஏற்பாடுதான்.

"எங்க ஊர்ல கைநாட்டுக்கும் ஓட்டு உண்டுடா. பரீட்சை கிரீட்சை ஒண்ணும் கிடையாது" என்று நான் பீற்றிக்கொள்வேன்.

"நீ போட்டிருக்கியா?"

இல்லை. இருபத்தொரு வயது ஆகுமுன்பே கப்பலேறியவன் நான். பேச்சை மாற்றினேன்.

ஒரு ஞாயிறு, தபாலில் வந்த ஓட்டுச்சீட்டைக் காட்ட உறையோடு கொண்டுவந்தான். நான் உருளைக்கிழங்கில் மஞ்சள்தூள் போட்டுக் கையால் பிசறிக்கொண்டிருந்தேன். வீட்டில் எனக்கு அவசரக்குடுக்கை என்று பெயர். கையைத் துடைக்கத் தோன்றவில்லை. எங்கே பார்ப்போம் என்று பிடுங்கினேன். சீட்டின் ஓரத்தில் என் கட்டைவிரல் பளிச்சென்று மஞ்சளாகப் பதிந்தது.

அவன் சீட்டின் அடியில் இருந்த வரியைப் படித்தான். வேறு எந்த அடையாளம் இருந்தாலும் செல்லாது. நான் பதறிப்போய்ச் சோப்பு நீர் தொட்டுத் தேய்த்தேன். மஞ்சள் ரத்தச் சிவப்பானது. சோப்புப் பட்டால் மஞ்சள் சிவக்கும் என்பது வேதியியல்காரனுக்கு அந்த நேரத்தில் நினைவில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தவன் நான்தான். அவன் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. சாப்பிடாமல் எழுந்து போனான். வேறு சீட்டு வரவழைக்க நாளில்லை. அதையே நிரப்பி அனுப்பிவிட்டு, நடந்ததை அம்மாவுக்கு எழுதினான்.

அடுத்த நான்கு ஞாயிறும் அவன் வரவில்லை. நான் சமைக்கவும் இல்லை.

ஐந்தாவது ஞாயிறு அம்மாவின் கடிதத்தோடு வந்து நின்றான். அவர்கள் வேட்பாளர் தோற்றிருந்தார். அம்மா அவர் தரப்பு ஏஜென்டாக ஓட்டு எண்ணும் மேஜையில் உட்கார்ந்திருந்தாளாம். சிவப்புக் கறைச் சீட்டு வந்ததும் எதிர்த்தரப்பு ஆள், அடையாளம் இருக்கிறது, செல்லாது என்றானாம். மகனுடையது என்று அவள் மூச்சு விடவில்லை.

"இது சமையல் கறை, அடையாளம் இல்ல. சமைக்கிறவங்க கை பட்டா ஓட்டு செல்லாதா?" என்று கேட்டாளாம். கால் மணி நேரம் நடந்த வாக்குவாதத்தில் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் அதிகாரி அதைச் செல்லும் கட்டில் சேர்த்துவிட்டார்.

"தெற்கே அந்த ஊர்ல அம்மாவை ஒரு நிமிஷம்கூடப் பேச விடல" என்றான் அவன். "உருளைக்கிழங்கு இருக்கா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்காமல் அழுதேன், அவன் கிழங்குக்குத் தோல் சீவினான்.

அதன்பிறகும் நான் ஊர் திரும்பி ஒரு தேர்தலைப் பார்த்ததில்லை. இந்த ஆயுளில் என் விரல் பட்ட ஓட்டு அது ஒன்றுதான்.