வினார்ஸியின் முப்பத்தொரு பேர்

எங்கள் தெருவில் வினார்ஸியைத் திமிர் பிடித்தவள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். காரணம் வேறொன்றுமில்லை. இன்ஸ்டாவில் நாம் அவளைப் பின்தொடரக் கேட்டால் நாள்கணக்கில் காக்க வைப்பாள், நம்மைத் திருப்பிப் பின்தொடர்வதற்கு இன்னும் யோசிப்பாள். தெகால் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. வாசலில் நின்று ஸலாம் சொன்னவரின் முகத்தில் கதவைச் சாத்துகிற மாதிரி. நான் மாவு வைத்த டோஃபு பொரித்து விற்கிறவள். என்னை ஆயிரத்து நூறு பேர் பின்தொடர்கிறார்கள், அத்தனை பேரையும் நானும் தொடர்கிறேன். யாரிடமும் மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. வினார்ஸி தொடர்ந்ததோ முப்பத்தொரு பேரை மட்டும்தான்.

அந்த முப்பத்தொரு பேரை அவள் பொறுக்கியெடுத்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கோரிக்கை வந்ததும் தையலை நிறுத்துவாள். அந்தக் கணக்கின் முதல் படம் வரை விரலால் தள்ளிக்கொண்டே போவாள். எந்த வருஷம் போட்டது, கீழே யாராவது பெயர் சொல்லிக் கேலி செய்திருக்கிறார்களா என்று பார்ப்பாள். கேலி செய்ய ஆள் இல்லாத கணக்கு மனுஷக் கணக்கே இல்லை என்பாள். அதோடும் விடமாட்டாள். மறுநாள் மீன் சந்தையில் ஆளைப் பிடித்து நேரிலேயே கேட்பாள்.

"சுல்தான் அரண்மனைக்கா பொண்ணு எடுக்கிற? எதிர்வீட்டு முனாவரோவுக்கே மூணு நாளாடி?" என்று நான் சீண்டுவேன்.

"முனாவரோ அக்காவை எனக்குத் தெரியும் தர்யூனி அக்கா. அந்தக் கணக்குல உட்கார்ந்திருக்கிறது அவங்கதானான்னு தெரியணும்ல?"

கணக்கே வேண்டாம் என்று இருந்துவிடவும் அவளால் முடியவில்லை. பெண்கள் தொழுகைக்குப் போர்த்தும் வெள்ளை அங்கியைத் தைத்து விற்றுத்தான் அவள் பிழைப்பு. ஆர்டர் அதன் வழியாகத்தான் வந்தது. நான்கு வருஷத்துக்கு முன் மூன்று வயதுப் பெண் கினாந்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு சோலோ நகரத்திலிருந்து வந்து இறங்கினாள். வந்த நாளிலிருந்து எந்த விசேஷத்திலும் யார் படம் எடுக்கக் கூப்பிட்டாலும், "நீங்க நில்லுங்க, நான் எடுக்கிறேன்" என்று போனைக் கையில் வாங்கிக்கொள்வாள். எங்கள் தெருவின் நான்கு வருஷப் படங்களில் அவள் எதிலுமே இல்லை.

ஒரு மழை நாளில், அங்கிக்கு ஓரம் மடித்துக்கொண்டே, ஏன் என்று சொன்னாள். அவள் புருஷன் ஹர்ஜந்தோ ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. சோலோக்காரர்களின் உயர்ந்த பேச்சு, பெரியவர்களிடம் மட்டும் பேசுகிற அந்த மரியாதைப் பேச்சு இருக்கிறதே, அதில்தான் அவன் பெண்டாட்டியிடமும் பேசுவான். அக்கம்பக்கத்துப் பெண்கள் அவளைக் கொடுத்துவைத்தவள் என்று பொறாமைப்பட்டார்களாம்.

"தாங்கள் கொஞ்சம் கையை நீட்ட முடியுமான்னு கேட்பார் அக்கா. நீட்டுவேன். சட்டை தேய்க்கிற பெட்டியை அதுமேல வைப்பார். வச்சிட்டு, சிரமம் கொடுத்ததுக்கு மன்னிப்பும் கேட்பார்." முழங்கைவரை மூடியிருந்த துணியை அவள் விலக்கிக் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை. "தாங்கள் எங்கே வேண்டுமானாலும் செல்லலாம், குழந்தை என்னுடையதுன்னு சொல்லியிருக்கார். அவர் இவளைக் கண்டுபிடிச்சா கூட்டிட்டுப் போயிடுவார். நான் என்ன செய்ய முடியும்? எழுத்துப்படி அவர்தானே அப்பா."

அன்றைக்கே என் கணக்கைப் பூட்டச் சொன்னாள். கினாந்தியின் முகத்தை எங்கும் போடக் கூடாது, தேன் ஒழுகப் பேசுகிறவர்கள் வந்தால் தன்னைக் கேட்காமல் உள்ளே விடக் கூடாது என்றாள். சரி சரி என்று தலையாட்டினேன். பூட்டவும் செய்தேன். பூட்டிவிட்டு, தட்டியவர்களுக்கெல்லாம் திறந்துகொண்டே இருந்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

மார்ச் மாதத்தில் நிங்ரும் என்ற பெயரில் ஒருத்தி கேட்டாள். பாத்திக் சாயத் துணிப் படங்கள், பூத்தொட்டிகள். கூடவே ஒரு செய்தி: "அம்மையார் பொறுத்தருள வேண்டும். தங்கள் கைப்பக்குவத்தின் புகழ் கேட்டு வந்தேன். இந்த எளியவளையும் திருப்பித் தொடரத் திருவுள்ளம் உண்டாகுமா?" எங்கள் தெகால் பேச்சைக் கேட்டால் மற்ற ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். சினிமாவில் வேலைக்காரிக்குத்தான் அந்தப் பேச்சை வைப்பார்கள். நாற்பத்தாறு வயதில் ஒருவர்கூட என்னைத் தாங்கள் என்று சொன்னதில்லை. எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு, எனக்குத் தெரிந்த அரைகுறை உயர்ந்த பேச்சில் பதில் எழுதினேன். திருப்பித் தொடர்ந்தேன். வினார்ஸியிடம் சொல்லவில்லை. சொன்னால் இரண்டு நாள் நோண்டி ஏதாவது நொட்டை கண்டுபிடிப்பாள் என்று நினைத்தேன். அந்த நிங்ருமின் முதல் படத்துக்குக் கீழே கேலி செய்ய ஒரு ஆளும் இல்லை. நான் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஆகஸ்ட் பதினேழு, எங்கள் நாட்டின் சுதந்திர தினம். தெருமுனையில் பிள்ளைகளுக்குப் போட்டி. கயிற்றில் தொங்கும் அப்பளத்தைக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கடித்துத் தின்ன வேண்டும். வினார்ஸி வழக்கம்போல ஊரார் போனையெல்லாம் வாங்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். கினாந்தி பல்லைக் காட்டிக்கொண்டு எகிறி எகிறிக் கடித்து முதலாவதாக முடித்தாள். தெருவே கத்தியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அவள் பரிசு வாங்குகிறவரை முழுவதையும் வீடியோ எடுத்தேன். பிள்ளை இல்லாத எனக்கு அவள்தான் பிள்ளை. பின்னால் தெருப் பெயர் எழுதின துணி தொங்குகிறதைப் பார்க்கவே இல்லை. மத்தியானம் போட்டுவிட்டேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நிங்ரும் எழுதியிருந்தாள். "எத்தனை சூட்டிகையான செல்வம்! எந்தப் பள்ளியில் பயில்கிறாளோ?" அடுப்பு பற்ற வைத்துக்கொண்டே பதில் போட்டேன். சந்தைக்குப் பின்னால் இருக்கிற பள்ளி, இரண்டாம் வகுப்பு.

ஒன்பது மணிக்கு அடுத்தது வந்தது. "பரிசை இடக்கையால் வாங்குகிறாளே. அந்தப் பழக்கம் இன்னும் மாறவில்லையா?"

இன்னும். அந்த ஒரு சொல்லை நான் மூன்று தரம் படித்தேன். சட்டியில் டோஃபு கருகுகிற வாசனை வந்தது. நிங்ரும் பெயரில் வந்த ஹர்ஜந்தோ வாய்தவறி எழுதினானா, எனக்குத் தெரியட்டும் என்றே எழுதினானா என்பது இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

வினார்ஸியிடம் போனை நீட்டினேன். என்னைத் திட்டுவாள், அறைவாள் என்று நினைத்தேன், அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"பள்ளிக்கூடத்தை எப்போ சொன்னீங்க?"

"ஏழு மணிக்கு. வினார்ஸி, நான் மகாபாவி..."

"சோலோவிலேர்ந்து கார்ல வந்தா நாலு மணி நேரம். வண்டியை எடுங்க."

என் மோட்டார் சைக்கிளில் போய்ப் பிள்ளையை வகுப்பிலிருந்து இழுத்துக்கொண்டு வந்தோம். ஒரு பை, தையல் மெஷினின் தலைப்பாகம் மட்டும். பத்து மணிக்கு பஸ் நிலையத்தில் நின்றோம். எந்த ஊர் என்று கேட்டேன்.

"உங்ககிட்டச் சொல்லமாட்டேன் அக்கா."

"என்கிட்டயாடி?"

"நீங்க கெட்டவங்க இல்ல. ஆனா யாராவது மரியாதையாக் கேட்டா சொல்லிடுவீங்க." அவள் அழுதாள், நானும் அழுதேன். நான் அங்கேயே நின்றால் பஸ் பலகையைப் படித்துவிடுவேன் என்று என்னை முதலில் அனுப்பிவிட்டாள். கினாந்தி கையசைத்ததை மட்டும் திரும்பிப் பார்த்தேன்.

மூன்று மணிக்கு அவன் என் கடைக்கு வந்தான். தேய்த்த பாத்திக் சட்டை, கையில் பலகாரப் பெட்டி. குனிந்து வணங்கினான். "தாங்கள்தான் தர்யூனி அம்மையாரா? தங்கள் டோஃபு படத்தில் கண்டதைவிட மணமாக இருக்கிறதே."

ஒரு தட்டு டோஃபு வாங்கிப் பொறுமையாக மென்று தின்றான். முனாவரோ ஓடிப்போய் அவனுக்கு விசிறி கொண்டுவந்து கொடுத்தாள், எவ்வளவு தங்கமான மனிதர் என்று என் காதிலேயே சொன்னாள்.

"என் மனைவியும் மகளும் எங்கே சென்றார்கள் என்று தங்களுக்குத் தெரிந்திருக்கும்."

"தெரியாது," என்றேன். உண்மையாகவே தெரியாது.

"அவசரமில்லை. அவள் தங்களைத் தொடர்புகொள்ளாமல் இருக்கமாட்டாள்," என்று சொல்லி, பெட்டியை வைத்துவிட்டுப் போனான்.

அன்று வினார்ஸியின் கணக்கு மறைந்துபோனது. என் கணக்கை மட்டும் நான் மூடவில்லை. அவள் தேடினால் வேறு எங்கே தேடுவாள்?

ஐந்து மாதம் கழித்து, போன வியாழக்கிழமை, ஒரு கோரிக்கை வந்திருக்கிறது. முகம் இல்லை, படம் இல்லை. எங்கள் கரடுமுரடான தெகால் பேச்சில் ஒரே வரி: "அக்கா, நான்தான். நல்லா இருக்கோம். திருப்பி ஃபாலோ பண்ணு." வினார்ஸி எங்கள் பேச்சை நன்றாகக் கற்றுக்கொண்டவள். மார்ச்சிலிருந்து என் பதிவுகளை உட்கார்ந்து படித்தவனும் கற்றிருப்பான். என்னை அவள் ஒருநாளும் ஒருமையில் அழைத்ததில்லை. ஆனால் பயத்தில், அவசரத்தில், அழைக்கமாட்டாளா?

அவளாக இருந்தால், தர்யூனி அக்கா தன்னைக் கைவிட்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு எங்கோ உட்கார்ந்திருப்பாள். கினாந்தியின் குரலை ஒரே ஒரு தரம் கேட்கவேண்டும் என்று தவிக்கிறேன்.

வாழ்க்கையில் முதல்முறையாக, கேட்டவருக்கு நான் பதில் சொல்லவில்லை.