முகமூடிக்குள் அண்ணன்

எங்கள் அண்ணி நாற்பது வயதில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். படிப்பு, உடற்பயிற்சி உடலியங்கியல். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கும். ஓடும்போது இதயம் என்ன செய்கிறது, தசை எதை எரிக்கிறது, மனிதன் ஏன் களைத்துப்போகிறான் என்பதெல்லாம்தான் பாடம். அதுவரை ஒரு பள்ளி மைதானத்தில் விசில் ஊதிக்கொண்டிருந்தவர். "பிள்ளைங்கள ஓடு ஓடுன்னு விரட்டுறேன். உள்ள என்ன நடக்குதுன்னு எனக்கே தெரியல" என்று சொன்னவர், சொன்ன கையோடு விண்ணப்பமும் போட்டுவிட்டார்.

அதன்பிறகு வீட்டில் ஒருவருக்கும் நிம்மதி இல்லை. யாராவது மாடிப்படி ஏறி வந்தால் போதும், நாடித்துடிப்பை எண்ண மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சுவர்க்கடிகாரத்தைப் பார்ப்பார். தப்பித்தவன் என் அண்ணன் மட்டும்தான். அவன் தையற்காரன், உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையாத ஜென்மம். கத்தரிக்கோல் கீழே விழுந்தால் எடுத்துக்கொடுக்க என்னைக் கூப்பிடுவான். வாய் மட்டும் ஓயாது. தெருவில் அவனுக்கு ரேடியோ என்று பெயர்.

கடைசி வருடச் செய்முறைத் தேர்வில், உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாத ஒருவரை டிரெட்மில்லில் நடக்கவைத்துச் சோதிக்க வேண்டும். வருவதாகச் சொன்ன பக்கத்து வீட்டுக்காரருக்கு அன்று காலை பார்த்துக் காய்ச்சல். ஆள் இல்லாவிட்டால் அண்ணிக்கு ஒரு வருடம் வீண். முகம் வாடி உட்கார்ந்திருந்தவரிடம் அண்ணன் சொன்னான்: "நான் வரேன்."

"கடைக்குப் போகச் சொன்னாலே என்னத்தானே அனுப்புவே அண்ணே!" என்றேன். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நானும் கூடப் போனேன். ஆய்வகத்தில் மருத்துவர் அவன் நெஞ்சைச் சோதித்துச் சரி என்றார். மூச்சை அளக்கும் முகமூடியை அண்ணி மாட்டிவிட்டார். பேசினால் அளவு கெட்டுவிடும். அதனால் எதிரே ஒரு அட்டை. 'சுலபம்' என்பதிலிருந்து 'இனி முடியாது' வரை எழுதியிருக்கும். கேட்கும்போது விரலால் காட்ட வேண்டும், அவ்வளவுதான். ரேடியோ ஒருவழியாக நின்றது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

டிரெட்மில்லின் பட்டை நகர்ந்தது. அண்ணன் 'சுலபம்' என்று காட்டினான். ஏற்றத்தைக் கூட்டினார்கள். மறுபடியும் 'சுலபம்'. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது, காது சிவந்துவிட்டது. அப்போதும் 'சுலபம்'! மூலையில் பேராசிரியை மதிப்பெண் போடப் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். இன்னும் ஒரு கட்டம் முடிந்தால் வரைபடம் முழுமையாகிவிடும்.

அண்ணி திரையில் ஓடிய இதயத் துடிப்பைப் பார்த்தார். அண்ணனின் விரலைப் பார்த்தார். சட்டென்று நிறுத்தும் பொத்தானை அழுத்திவிட்டார். போச்சு, ஒரு வருடம் போச்சு என்று நினைத்தேன்.

பட்டை மெல்ல நின்றதும் அண்ணன் முகமூடியைப் பிடுங்கி எறிந்தான். "ஏன் நிறுத்தின? நான் இன்னும் நடப்பேன்! கஷ்டம்னு காட்டினா உனக்கு மார்க் கொறைஞ்சிடாதா?"

அட மடையா! தான் திணறினால் பெண்டாட்டி ஃபெயில் என்று நினைத்திருக்கிறான்.

"ஒரு கட்டம் மிச்சம் இருந்ததே, ஏன் நிறுத்தினீங்க?" என்று பேராசிரியை கேட்டார்.

"இவரு கஷ்டத்த வெளிய காட்ட மாட்டாரு மேடம். கல்யாணமான நாள்லேர்ந்து பாக்குறேன்" என்றார் அண்ணி, அண்ணனின் கழுத்து வியர்வையைத் துடைத்தபடி.

வரைபடம் பாதியில் நின்றதற்குப் பேராசிரியை மதிப்பெண்ணைக் குறைத்தார். சரியான நேரத்தில் நிறுத்தியதற்கு முழுசாகக் கொடுத்தார். அண்ணி தேறிவிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்ல என்ன வெட்கம்?

வீடு திரும்பி மாடிப்படி ஏறும்போது அண்ணன் பாதியில் நின்றான். அண்ணி அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"எப்படிங்க இருக்கு?"

"ரொம்பக் கஷ்டமா இருக்கு" என்று சொல்லிவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்தான். அண்ணியும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பிடித்த மணிக்கட்டை விடவில்லை. கடிகாரத்தை மட்டும் பார்க்கவே இல்லை.