குடம் பிடித்த கட்டில்

பேத்தி பன்னிரண்டாம் வகுப்பு அரைப்பரீட்சை எழுதி முடித்த மறுவாரமே, அவளுக்கு மதுரையில் ஹாஸ்டல் பிடிக்கக் கிளம்பிவிட்டேன். கையில் ஒரு பச்சை பிளாஸ்டிக் குடம். அதற்குள் மாற்றுச் சேலை, ஒரு பொட்டலம் சேவு, ஆடு விற்ற பணம். பையைவிடக் குடம்தான் எனக்குத் தோது. சாமானும் கொள்ளும், இறக்கி வைத்தால் இடமும் பிடிக்கும்.

அருப்புக்கோட்டையில் பஸ் மாறினேன். கண்டக்டர் குடத்தைப் பார்த்தார்.

"ஆத்தா, இதுக்குத் தனி டிக்கெட்டு."

"கைப்புள்ளய்யா அது. போன பொங்கலுக்குத்தான் பெறந்துச்சு. மடியில வச்சுக்கிறேன்."

பின்சீட்டு வரை சிரித்தார்கள். ஒரு டிக்கெட்தான் கிழித்தார்.

பெரிய பரீட்சைக்கே இன்னும் மாதங்கள் கிடக்கும்போது இந்தக் கிழவிக்கு என்ன அவசரம் என்று ஊரே கேட்டது. காரணம் என் நாத்தனார். மதுரையில் மாடி வீட்டுக்காரி. தீபாவளிக்கு வந்தவள் பலகாரத்தைக் கடித்துக்கொண்டே சொல்லிவிட்டாள்: "பேத்திய எங்க வீட்டுல விட்டுருங்க மதினி. எங்கேயோ தங்க வைக்கணுமா? நான் பாத்துக்கிறேன்." என் மகனுக்கு வாயெல்லாம் பல். சொந்த அத்தை கேட்டதும் அவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

எனக்கு வயிறு எரிந்தது. இருபது வருசத்துக்கு முன்னால் இதே வாய் இதே வார்த்தையைச் சொல்லித்தான் என் மகளைக் கூட்டிப் போனது. துணிமணி கட்டி, எண்ணெய் தேய்த்துத் தலை பின்னி அனுப்பியவள் நான்தான். காலேஜுக்குப் படிக்கப் போனவள் முதல் லீவுக்கு வந்தாள். கையைப் பிடித்துப் பார்த்தேன். விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண். எங்கள் திருச்சுழிப் பக்கத்தில் ஒரு குடம் தண்ணீருக்கு அரைநாள் நிற்போம். அந்த ஊரில் பிறந்த பிள்ளைக்குத் தண்ணீரில் ஊறிப் புண் வந்திருக்கிறது! அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். சொந்தம் முறிந்துவிடுமே என்று பேசாமல் திரும்ப அனுப்பினேன். வருசக் கடைசியில் பாதிப் பாடத்தில் பெயிலாகி வந்தாள். அடுத்த வைகாசியில் பாலவனத்தத்தில் கட்டிக் கொடுத்தோம். இன்றுவரை அவள் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் தேவலை.

இந்தத் தடவை நாத்தனார் வந்து கையைப் பிடித்து இழுக்கும்போது, "இடம் பிடிச்சாச்சு" என்று சொல்ல எனக்கு ஒரு இடம் வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

ஹாஸ்டல் வார்டன் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார்.

"என்ன பாட்டி, இன்னும் பெரிய பரீட்சையே எழுதலங்குறீங்க. காலேஜ்ல சீட்டும் வாங்கல. அதுக்குள்ள கட்டில் கேக்குறீங்க?"

"எங்க ஊருல தண்ணி லாரி வாரதுக்கு முந்தித்தாம்மா கொடத்த வைப்போம். வந்த பெறகு வச்சா, அது வேடிக்கை பாக்க வந்த கொடம்."

சிரித்துவிட்டு அட்வான்ஸை வாங்கி நோட்டில் பேர் எழுதினார். ஆனால் ஒன்று சொன்னார்: "பேரு இருக்கும். கட்டில் ஜூன்ல முதல்ல வர்றவங்களுக்குத்தான். கட்டில் தீந்துட்டா வேற எடம் பாக்கணும்."

அறைகளைச் சுற்றிப் பார்த்தேன். குளியலறையை ஒட்டின கட்டிலைத் தேர்ந்தெடுத்தேன். குழாயில் தண்ணீர் வருகிற சத்தம் முதலில் கேட்கிறவள்தானே முதலில் குளிப்பாள்? அதில் கடைசி வருசப் பிள்ளை ஒருத்தி உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். குடத்தைக் காலி செய்து கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். சேவுப் பொட்டலத்தை அவள் கையில் கொடுத்தேன்.

"தாயி, நீ படிப்ப முடிச்சுப் போகையில இந்தக் கொடத்தத் தூக்கிக் கட்டில் மேல வச்சுட்டுப் போ."

"எதுக்குப் பாட்டி?"

"என் பேத்தி வார வரைக்கும் அது படுத்திருக்கும்."

மே மாதம் மார்க்கு வந்தது, காலேஜில் சீட்டும் வந்தது. காலேஜ் திறக்கிற நேரத்தில் நாத்தனாரும் வந்து இறங்கினாள்.

"துணிமணிய எடுத்து வை தாயி, போவோம்," என்றாள் பேத்தியிடம்.

"அவளுக்கு எடம் பிடிச்சாச்சு," என்றேன்.

"எங்க?"

"ஹாஸ்டல்ல. என் கொடம் அங்கதான் கெடக்கு."

நாத்தனார் முகம் சிவந்துவிட்டது. "ஏன் மதினி, எங்க வீட்டுல சோறு இல்லையா? ஊரு சிரிக்காதா?"

"சோறு இருக்குத்தா. அத ஆக்குன சட்டியும் இருக்குல்ல? என் மக ஒரு வருசம் அதத்தான் கழுவுனா. இவளாவது பொஸ்தகத்தத் தொறக்கட்டும்."

மகன்தான் இடையில் புகுந்தான். லாரியில் லோடு ஏற்றிப் போய்விட்டு அன்றுதான் வந்திருந்தான். "இப்ப எதுக்கு ரெண்டு பேரும்? நாளைக்குப் போய்ப் பாப்போம். கட்டில் இருந்தா ஹாஸ்டல். இல்லைன்னா அத்தை வீடு. அம்புட்டுத்தான்."

"ஆறு மாசமா ஒரு பிளாஸ்டிக் கொடம் எடத்தப் பிடிச்சு வச்சிருக்குமாக்கும்!" என்று நாத்தனார் சிரித்தாள். "குப்பையில கெடக்கும்."

நானும் சிரித்தேன்.

மறுநாள் நாத்தனாரோடு நாலு பேருமாக மதுரை போய்ச் சேர்ந்தபோது ஹாஸ்டல் வாசலே தெரியவில்லை. டிரங்குப் பெட்டியும் மெத்தையும் அப்பன்மாருமாக நெரிசல். முந்தின நாளே பாதிப்பேர் வந்துவிட்டார்களாம். வார்டன் என்னைப் பார்த்ததும் தலையில் கை வைத்தார்.

"வாங்க பாட்டி. உங்க குடத்தால நேத்துல இருந்து இங்க பஞ்சாயத்து!"

ஓட்டமாகப் போனேன். அறையில் மூன்று கட்டிலில் மெத்தை விரித்தாகிவிட்டது. நாலாவதில் என் பச்சைக் குடம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. பக்கத்துக் கட்டிலில் கமுதிப் பக்கத்து அம்மா ஒருத்தி, மகளுக்குத் தலைவாரி விட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒங்க கொடமா ஆத்தா?" என்றாள். "நேத்து மூணு பேரு எறக்கி வைக்கப் பாத்தாக. நான் விடலையே. கொடம் வச்ச எடத்துல கை வைப்பாகளா? எங்க ஊருன்னா சண்டையில மண்டை ஒடஞ்சிரும்னு சொன்னேன். டவுனு ஆளுகளுக்கு ஒண்ணும் தெரியமாட்டேங்குது."

அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மகன் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். நாத்தனார் அறை வாசலிலேயே நின்றாள்.

"அப்ப எங்க வீட்டுப் பக்கமே வரமாட்டாளா?"

"ஏன் வராம? ஞாயித்துக்கெழம வருவா. விருந்தாளியா வருவா. அவ தின்ன தட்ட நீ கழுவு."

முறைத்தாள். ஆனால் மாட்டேன் என்று சொல்லவில்லை.

பேத்தி அதற்குள் மெத்தையைத் தட்டிப் போட்டுவிட்டுக் குறை சொல்ல ஆரம்பித்தாள். "போ அப்பத்தா, பாத்ரூம் பக்கத்துலயா எடம் பிடிப்ப? ராத்திரி பூரா கதவு டமார் டமார்னு அடிக்கும். இங்க குடிக்கிறதுக்குக் கேன் தண்ணி. இந்தக் கொடத்த எடுத்துட்டுப் போ, அசிங்கமா இருக்கு."

"அது கட்டிலுக்கு அடியில கெடக்கட்டும்," என்றேன். "பாலவனத்தத்துல ஒன் அத்தை மக இருக்கால்ல, நீ படிப்ப முடிக்கையில அவளுக்கு இந்தக் கட்டில் வேணும். போகையில கொடத்தத் தூக்கி மேல வச்சுட்டு வா."