ஓடை மெலிந்த மத்தியானம்

இன்றைக்குக் காலையில் காலனிக் குழாயைத் திறந்தேன். முதலில் புஸ்ஸென்று காற்று, அப்புறம் ரெண்டு இருமல், அதன் பிறகு கலங்கல் தண்ணீர். கூடவே ஒரு பச்சை மண் வாசனை. அவ்வளவுதான், அடுப்பில் பால் இருப்பதுகூட மறந்துபோய் செம்பும் கையுமாக நடுரோட்டில் நிற்கிறேன். மகள் பின்னாலேயே ஓடிவந்து, "அம்மா, நேத்து பைப்பு உடைஞ்சு சரி பண்ணினாங்கல்ல, அந்த மண்ணும்மா" என்று சிரிக்கிறாள். எதிர்வீட்டுக்காரி ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறாள். பார்த்தால் பார்க்கட்டும். பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது, அதுதான் எனக்கு வருத்தம்.

அந்த வாசனை எனக்கு என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியாது. உங்களிடம் சொல்கிறேன்.

நாங்கள் இருந்தது இடுக்கியில், மேகம் வீட்டுக்குள் வந்துவிட்டுப் போகிற உயரத்தில், ஒரு தேயிலை எஸ்டேட்டு லயத்தில். ஒரே கூரைக்குக் கீழே ஒட்ட ஒட்ட வீடுகள். ஒரு வீட்டில் பிள்ளை தும்மினால் அடுத்த வீட்டில் "நூறு" என்பார்கள். குடிக்க, குளிக்க, துவைக்க எல்லாத்துக்கும் ஓஸ் குழாயில் வருகிற தண்ணீர்தான். லயத்தை ஒட்டி ஓர் ஓடை இறங்கும். மேலே அதன் தலைப்பில், பாறை இடுக்கில் ஓஸின் வாயை வைத்து, கல்லால் அமுக்கி, குப்பை ஏறாமலிருக்கப் பழைய சேலைத் துணியைச் சுற்றியிருப்போம். வீட்டுக்கு ஒன்றாகக் கறுப்பு ஓஸ்கள் ஓடை நெடுக இறங்கி வரும். மோட்டார் கிடையாது, டேங்க் கிடையாது. தண்ணீர் தன்பாட்டுக்கு வந்து குடத்தில் விழுந்துகொண்டே இருக்கும். அந்தச் சத்தம் இல்லாமல் இந்தக் காலனிக்கு வந்த புதுசில் எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஓஸ் சண்டை இருக்கிறதே, அதற்கு ஈடு இணை கிடையாது. "என் ஓஸை மடக்கிட்டா பாவி" என்று காலையில் பக்கத்து வீட்டுச் செல்லத்தாயி ஆரம்பித்தால் சாயந்திரம் கொழுந்து நிறுக்கிற வரைக்கும் ஓடும். நானும் ஒன்றும் சளைத்தவளில்லை. நல்ல தண்ணீரை வீணாக ஓடவிட்டுக்கொண்டே சண்டை போடுவதில் எனக்கு லயத்தில் தனிப் பெயர் உண்டு. ஆனால் அந்தச் சண்டையில்தான் நாங்கள் தண்ணீரைப் படித்தோம் என்று இப்போது தோன்றுகிறது. மேலே சருகு அழுகினால் தண்ணீர் டீ டிக்காஷன் நிறத்தில் வரும். மான் இறங்கிக் கலக்கினால் ஒரு மாதிரிக் கவிச்சை அடிக்கும். மழையில் ஓஸ் நின்றால் வாயில் இலை அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். ஆம்பளைகள் யாராவது மேலே போய்த் தட்டிவிட்டு வருவார்கள். மழைக்காலத்தில் அது பல் தேய்ப்பது மாதிரி ஒரு வேலை, யாரும் யோசிப்பதுகூட இல்லை.

அந்த ஓடை வழியாகத்தான் யானையும் இறங்கும். அதனால் லயத்தில் ஒரு வழக்கம் இருந்தது. யாராவது தகரம் அடித்தால், எங்கே எந்த வேலையில் நின்றாலும் போட்டது போட்டபடி ஓடையை விட்டு விலகிவிட வேண்டும். லயத்தில் இருப்பவர்கள் குறுக்கே நடந்து பேக்டரி மேட்டுக்குப் போய்விடுவோம். தகரம் கேட்டால் கால் தானாக ஓடும்.

கன்னியம்மாவைச் சொல்லாமல் மேலே போக முடியாது. சோலைக்காட்டுக்கு அந்தப் பக்கம், மலைவாசிகளான முதுவர்கள் இருக்கிற முதுவக்குடியில் இருந்து எஸ்டேட்டுக்குக் களை வெட்ட வருவாள். என் வயசுதான். வெற்றிலை வாய், ஊரைக் கூட்டும் குரல். என்னைக் கண்டாலே கேலி. "மழெ வருமா வராதான்னு போன்ல பாக்குறியே, வெளிய வந்து மேல பாக்க மாட்டியா?" என்பாள். "ஆமாட்டி, நீ பெரிய வானிலை ஆபீசரு" என்பேன். உப்பும் புகையிலையும் வாங்க எங்கள் லயத்துக் கடைக்கு வந்தால் என் வீட்டில் பால் விடாத கட்டன்சாயா ஒன்று குடிக்காமல் போகமாட்டாள். குடித்துவிட்டு, "சீனி கம்மி" என்று குறையும் சொல்வாள்.

அன்றைக்கு மத்தியானம். ஆடி மழை, விடாமல் பிடித்து நிற்கிறது. வேலை நிறுத்திவிட்டார்கள். எங்கள் ஓஸ் நின்றுபோனது. எங்கள் வீட்டுக்காரர் முணுமுணுத்துக்கொண்டே தலையில் சாக்கைக் கவிழ்த்து, கத்தியை எடுத்துக்கொண்டு ஓடை வழியே மேலே ஏறிவிட்டார். "சீக்கிரம் வாங்க" என்றுகூட நான் சொல்லவில்லை. பல் தேய்க்கப் போகிறவரிடம் என்ன சொல்வது?

கொஞ்ச நேரத்தில் லயத்து வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வாய்ஸ் வந்தது. கனமான ஆம்பளைக் குரல், சுத்தமான மலையாளம். அணையின் ஷட்டர் மொத்தமும் திறந்தாச்சு, தாழ்வான இடத்தில் இருப்பவர்கள் உடனே உயரத்துக்கு ஏறிக்கொள்ள வேண்டும், இதை எல்லாருக்கும் அனுப்புங்கள் என்கிறது. எந்த அணை, எந்த ஊர், ஒன்றும் கிடையாது. எங்கோ வேறொரு மழையில் யாரோ பேசியது என்று பிற்பாடுதான் தெரிந்தது. ஆனால் ஒரே நேரத்தில் எல்லா வீட்டிலும் அதே குரல் ஒலித்தபோது எனக்கும் நம்பத்தான் தோன்றியது. ரேஷன் கார்டு, நகை டப்பா, கோழிக்கூடு என்று ஆளுக்கொன்றைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். மேலே, ஓடைக் கரையிலேயே, கொழுந்து நிறுக்கிற ஷெட் இருந்தது. அங்கே ஏறிவிடலாம் என்று பேச்சு.

மழைக்கு ஒதுங்கி என் வாசலில் நின்ற கன்னியம்மா கேட்டாள்: "எங்க போறீங்க எல்லாரும்?"

"டேம் திறந்துட்டாங்களாம். தண்ணி வருதாம்."

"டேமு கீழெல்ல கெடக்கு? தண்ணி மலெ ஏறியா வரும்?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் போகவில்லை. "ஆபீஸ்ல இருந்து சொல்லியிருக்கான், உனக்கென்ன தெரியும்" என்று செல்லத்தாயி சீறினாள். கன்னியம்மா ஓடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெற்றிலை மெல்லுவது நின்றுவிட்டது. அவள் வாய் சும்மா இருந்து நான் பார்த்தது அப்போதுதான்.

"மழெ இப்பிடி ஊத்துது. ஓடெ ஏன் மெலிஞ்சு கெடக்கு?"

நானும் பார்த்தேன். காலையில் மூழ்கிக் கிடந்த என் துவைகல் தலையைக் காட்டிக்கொண்டிருந்தது. கொட்டுகிற மழையில் ஓடை கோடைகாலத்தில் போல ஒல்லியாக ஓடுகிறது. ஓஸைப் பிடுங்கி மூக்கில் வைத்தேன். சருகு வாசனை இல்லை, மான் கவிச்சை இல்லை. மரத்தை வேரோடு பிடுங்கின குழிக்குள் தலையை விட்டால் வருமே, அந்தப் பச்சை மண் வாசனை.

"மேல எங்கயோ மலெ இடிஞ்சு தண்ணிய அடச்சு வச்சிருக்கு. அது நிக்காது. வரும்" என்றாள் கன்னியம்மா.

அடைத்தது இலை இல்லை. எங்கள் வீட்டுக்காரர் அதன் அடியில் நிற்கிறார். போன் போட்டேன், அவர் நிற்கிற இடத்தில் சிக்னல் இல்லை. "மேல போகாதீங்க, உருள்பொட்டல் வரும், மலை சரியப்போகுது" என்று கத்தினேன். கேட்டால்தானே? "நீயும் அந்த முதுவத்தியும் சொல்றதக் கேட்டு சாகவா?" என்று கத்தின ஒருத்தன் முன்னால் நடந்துகொண்டே இருந்தான், பின்னால் திரும்பவே இல்லை. கையில் போன் வைத்திருந்தான், அதில் அந்தக் குரல் மறுபடி மறுபடி பேசிக்கொண்டிருந்தது. இந்தக் குரலோடு நான் எங்கே போய் மல்லுக்கட்டுவது?

வீட்டுக்குள் ஓடி எண்ணெய்த் தகரத்தை எடுத்தேன். அகப்பைக் காம்பால் அடித்தேன் பாருங்கள், என் ஆயுசில் அப்படி ஒன்றை அடித்ததில்லை. கன்னியம்மா ஒரு நொடி என்னைப் பார்த்தாள். அப்புறம் புரிந்துகொண்டு அவளும் ஒரு பாத்திரத்தைப் பிடுங்கி அடித்தபடி, "ஆனெ! ஆனெ!" என்று அலறினாள். அந்த மத்தியானத்தில் பொய்ச் செய்தி பரப்பினவர்களில் நாங்கள் ரெண்டு பேரும் சேர்த்திதான்!

அந்தக் கூட்டம் நின்றது. போனைக் கேட்டு மேலே ஏறின கால்கள் தகரம் கேட்டதும் குறுக்கே திரும்பி பேக்டரி மேட்டைப் பார்த்து ஓடின. யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. கடைசி ஆள் தாண்டுகிற வரைக்கும் நின்று அடித்துவிட்டு நாங்களும் ஓடினோம்.

மேட்டில் நின்று பார்த்தேன். முதலில் ஓடை முழுசாக நின்றது. ஐயோ, அந்த அமைதி! மழைச் சத்தத்துக்குள்ளே ஓர் ஓட்டை விழுந்த மாதிரி. பிறகு காலுக்கடியில் தரை உறுமியது. மேலே மலை நடக்க ஆரம்பித்தது. நம்புவீர்களோ இல்லையோ, தேயிலைச் செடிகள் வரிசை கலையாமல், நிமிர்ந்தபடியே இறங்கி வந்தன. கவாத்து வெட்டின மட்டம்கூட மாறவில்லை. அவசரமே இல்லாமல் வந்த மாதிரி இருந்தது. நிறுக்கிற ஷெட்டை மூடியது, துவைகல்லை மூடியது, எங்கள் வீட்டுச் சுவர் மேல் சாய்ந்தது. செல்லத்தாயி கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றாள். எனக்கும் கும்பிடத்தான் தோன்றியது, என் புருஷன் அதற்குள் கிடக்கிறார் என்று நினைத்துக்கொண்டே.

அவர் வந்தது வேறு பக்கம் வழியாக. தகரம் கேட்டதும் ஓடையை விட்டு ஏறி, தேயிலைக்குள் புகுந்து, சுற்றிக்கொண்டு வந்திருக்கிறார். சேற்றிலே முக்கியெடுத்தது போல் நிற்கிறார். வந்ததும் கேட்டது, "எங்கட்டி யானை?"

நான் அவரை அடித்தேன். நெஞ்சிலும் தோளிலும் மாறி மாறி அடித்துக்கொண்டே அழுதேன். கன்னியம்மாதான் மலையைக் கைகாட்டி, "அதா போகுது, பெரிய ஆனெ" என்றாள்.

ஒரு மனுஷ உயிர்கூடப் போகவில்லை. கோழிகள் போயின. எங்களைக் கீழே கொண்டுவந்து இந்தக் காலனியில் வைத்தார்கள். ஆளுக்கொரு குழாய், ஆளுக்கொரு மீட்டர். செல்லத்தாயிக்கு என்னோடு சண்டை போட ஒரு காரணமும் இல்லை, பாவம்.

போன மாசியில் நானும் கன்னியம்மாவும் மேலே போய்ப் பார்த்தோம். லயம் இல்லை, ஓடை இல்லை. செம்மண் சரிவும் பாறைகளும், இடையிடையே முளைத்த புல்லும். எங்கள் வீடு எந்த இடத்தில் இருந்திருக்கும் என்று கேட்டேன். அவள் அங்கும் இங்கும் நடந்தாள், நின்றாள்.

"தெரியலெ" என்றாள்.

அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை.

"இது வேற மலெ. நாங்க கண்டு பழகினது போயிருச்சு. இதோட முதல்ல இருந்து பழகணும்."

"ஓடை எங்கட்டி போயிருக்கும்?"

அவள் குனிந்து, மண்டிபோட்டு, மண்ணில் காதை வைத்தாள். நானும் பக்கத்தில் படுத்து என் காதை வைத்தேன். வெயிலில் சுட்டது மண். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். கண்ணை மூடி வெகுநேரம் கிடந்துவிட்டு, அவளும் இல்லை என்று தலையை ஆட்டினாள்.